நாற்பத்திரண்டாவது ரொட்டி

ரொட்டியைச் சுட்டு இறக்கி அரைமணி நேரமாகிவிட்டது, இன்னும் முதல் வாயை ஊட்டியபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்கு விழுந்தடித்து ஓட வேண்டியதில்லை, தேயிலைக் கொழுந்துக் கூடை வாசல் இஸ்தோப்பு ஆணியில் சும்மா தொங்குகிறது, குழாயடியில் லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைகள் ஒரு வாரத்து அழுக்கோடு ஒரு வாரத்து வம்பையும் சேர்த்து அலசுகிறார்கள். யோகமலர் மட்டும் அடுப்புப் பக்கத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மகனையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். டிலுக்ஷனுக்கு நாலு வயது முடிந்து ரெண்டு மாதம். பார்க்கிறவர்கள் ரெண்டரை என்பார்கள். கையும் காலும் குச்சி, நடுவில் வயிறு மட்டும் ஊதிக்கொண்டு சட்டையைத் தூக்கி நிற்கிறது. அவன் ரொட்டியைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறான். அதில் அம்மா தினமும் ஒரு கோடு கிழிப்பது அவனுக்குத் தெரியும். நேற்றோடு நாற்பத்தொன்று. இந்த ரொட்டி முழுசாக உள்ளே போய்விட்டால் நாற்பத்திரண்டு. நாளைக் காலையில் கண்டி ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலில் துளி கிள்ளி எடுத்து இது இன்ன வியாதி என்று பார்க்கப் போகிறார்கள். அதுவரைக்கும் தினம் ஒரு கோதுமை ரொட்டி, குறையக் கூடாது. பிள்ளைக்கு ஆகாதது எதுவோ அதையே ஆறு வாரம் ஊட்டிக்கொண்டு வா என்று ஒரு டொக்டர் சொல்வாளா? சொன்னாள். வாய் கூசாமல் சொன்னாள். இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, பாவம், அந்த டொக்டர் பிள்ளைக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. யோகமலர் ரொட்டியில் ஒரு ஓரத்தைப் பிய்த்து, சம்பலில் தொடாமல், வெறுமனே நீட்டினாள். சம்பல் உறைக்கும். வயிறு எரியும் என்பதற்காக அல்ல, வாயாவது எரியாமல் இருக்கட்டுமே என்றுதான்.

முதல் வாயை வாங்கிக்கொண்டான். கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டான். மெல்லுடா ராசா. மெல்லுகிறான், சும்மா சொல்லக் கூடாது, சொன்னால் கேட்கிற பிள்ளை. டொக்டரம்மா யாழ்ப்பாணத்துப் பக்கம். நாலு வயதுப் பயலை 'இவர்' என்றுதான் சொல்வாள், முதல்நாள் அதைக் கேட்டபோது யோகமலருக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் 'அத இங்க கொண்டா' என்பார்கள். கொண்டுபோனால் பூச்சி மருந்து. வயிற்றால் போகிறதா, பூச்சி மருந்து. வயிறு ஊதியிருக்கிறதா, பூச்சி மருந்து. எத்தனை போத்தல் ஊற்றியிருப்பாள் இவன் வயிற்றில், பூச்சி என்று ஒன்று இருந்திருந்தால் அது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்திருக்கும். இந்த டொக்டரம்மாதான் முதன்முதலாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, எப்போதிருந்து, எது தின்றால், எது தின்னாவிட்டால் என்று கேட்டாள். கோதுமை மா கிடைக்காமல் போன ரெண்டு மாதக் கதையைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினாள். முடிவு வந்த பிறகுதான் சொன்னாள்: "அம்மா, கோதுமை இவற்ர குடலை அரிக்குது எண்டுதான் நினைக்கிறன். ஆனா நினைக்கிறன் எண்டு சொல்லி ஒரு பிள்ளைய சாகும்வரைக்கும் மா தொடாத எண்டு சொல்ல ஏலாது. குடலைப் பாக்கோணும். இப்ப நீங்கள் மாவை நிப்பாட்டினா குடல் ஆறிப் போயிடும், பாத்தாலும் ஒண்டும் தெரியாது. திகதி வரைக்கும் குடுங்கோ. உங்களுக்குக் கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும்." உனக்கு என்ன தெரியும் தாயே. இன்னொரு வாய். இதையும் வாங்கிக்கொண்டான்.

மா இல்லாமல் போன அந்த ரெண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் யோகமலருக்கு உடம்பு கூசுகிறது. கடையில் மா மூடை வரவில்லை, வந்தாலும் வரிசையில் நிற்பவன் கைக்கு எட்டவில்லை. லயமே வாடிப் போயிற்று. ரொட்டி இல்லாமல் மலை ஏறுவதா? விடிகாலை ஒரு ரொட்டியும் பிளேன்டீயும் உள்ளே போனால்தானே பகல்வரை கொழுந்து எடுக்க முடியும், ரொட்டிதானே வயிற்றில் கெட்டியாக நிற்கும். மரவள்ளிக் கிழங்கை அவித்தார்கள், வாய்க்கால் ஓரத்துக் கீரையைப் பறித்தார்கள், ஒருபிடி அரிசியைக் கஞ்சி காய்ச்சிப் பங்கு போட்டார்கள். பக்கத்துக் காம்பரா ஸ்டெல்லாக்கா இடுப்புத்துணி நழுவுகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அந்தப் பஞ்சத்தில் ஒரே ஒருத்தன் தேறினான். இவன். வயிறு இறங்கியது, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது, வெளிக்குக் கட்டியாகப் போனான், வேலைக்குப் போகும்போது விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகள் சுருண்டு கிடக்க இவன் தொட்டிலைப் பிடித்து ஆட்டிக்கொண்டு பாட்டுப் பாடினான் என்று ஆயா வந்து சொன்னாள். யோகமலருக்குச் சந்தோஷப்படக்கூட வெட்கமாக இருந்தது. மா திரும்பி வந்த அன்றைக்கு, ஐயோ, எவ்வளவு ஆசையாகப் பிசைந்தாள். தேங்காய்ப்பூ போட்டு, உப்பு அளவாகப் போட்டு, சின்னதாக அவனுக்கென்று தனி ரொட்டி தட்டினாள். இத்தனை நாள் பட்டினி கிடந்த பிள்ளை, தின்னட்டும் என்று ரெண்டாவதும் கொடுத்தாள். ஒரு வாரத்தில் பழைய வயிறு வந்துவிட்டது. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. அந்த அடுப்புக்கு முன்னால் நின்றபடியே உறைத்தது. முதலில் வந்த நினைப்பு இவனைப் பற்றியது அல்ல. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கொழும்பில் கடை வேலையில் இருக்கும் புருஷன் போனில் கேட்டபோதும் சொல்லவில்லை.

மதுஷாவைப் பற்றித்தான் முதலில் வந்தது. மூத்தவள். இவன் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால் போய்விட்டாள், மூன்றே முக்கால் வயதில். இதே வயிறு, இதே குச்சிக் கை. தினம் நாலு தடவை, அஞ்சு தடவை, நாற்றம் தாங்காமல் போகும். அப்போது லயத்தில் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னது என்ன? சோத்தை நிறுத்து. சோறு குளிர்ச்சி, இந்த மலைக் குளிருக்குப் பிள்ளைக்கு ஆகாது, வயிற்றால் போகும்போது சோறு கொடுத்தால் இன்னும் இளகும். ரொட்டி கொடு, ரஸ்க்கைப் பிளேன்டீயில் நனைத்துக் கொடு, கட்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தான், எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. யோகமலரும் சோத்தை நிறுத்தினாள். இருந்த கொஞ்சம் அரிசி ராத்திரிக்குப் புருஷனுக்கு. மதுஷாவுக்கு ரொட்டி. வயிற்றால் கூடப் போகப் போக, கூட ரொட்டி. அவள் சோறு கேட்பாள். மழலையில் 'சோச்சி' என்பாள். இன்னொரு வீட்டில் சோறு வடிக்கிற மணம் வந்தால் போய் வாசலில் நிற்பாள், மானத்தை வாங்குகிறாளே என்று யோகமலர் போய்த் தரதரவென்று இழுத்துக்கொண்டு வருவாள். ரொட்டியை ஊட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். ஒருநாள் விறகு எடுக்கப் போனால் விறகுக்கு அடியில் ரொட்டித் துண்டுகள். மூன்று நாலு நாள் துண்டுகள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒளிக்கத் தெரிந்திருக்கிறது. மா விற்கிற விலையில் திமிரா உனக்கு என்று முதுகில் ரெண்டு வைத்தாள். வைத்துவிட்டு, அதில் நல்லதாக இருந்த ஒன்றைச் சாம்பல் தட்டி, டீயில் நனைத்து, தாடையைப் பிடித்து வாயைத் திறந்து ஊட்டினாள். அவள் விழுங்கினாள். அழுதுகொண்டே விழுங்கினாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை பேரில், மிட்வைஃப் மிஸ்ஸிக்குத் தெரியாதது, டிஸ்பென்சருக்குத் தெரியாதது, பெற்ற தாய்க்குத் தெரியாதது, அந்தக் குஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லவும் சொல்லியிருக்கிறது, தன்னால் முடிந்த மாதிரியெல்லாம் சொல்லியிருக்கிறது. கடைசியில் கால் ரெண்டும் நீர் வைத்து வீங்கி, மழை மாதத்தில் ஒரு காய்ச்சல் வந்தது, ரெண்டு நாள் தாங்கவில்லை. சாவுக் கார்டில் காய்ச்சல் என்றுதான் எழுதினார்கள்.

"ம்மா." என்னடா? ஒன்றுமில்லை, தண்ணி வேணுமாம். செம்பை எடுத்துக் கொடுத்தாள். பாதிக்குமேல் இன்னும் தட்டில் இருக்கிறது. தண்ணியைக் குடித்தே வயிற்றை நிரப்பிவிடப் பார்க்கிறான் கள்ளன், செம்பை வாங்கி அப்பால் வைத்தாள். காய்ச்சல் என்று எழுதியதோடு விட்டார்களா? சாவுக்கு மறுநாள் மிட்வைஃப் மிஸ்ஸி லயத்துக்கு வந்தாள், நிறை எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை பேர் நிற்கும்போது, பிள்ளைக்குத் தின்னக் கொடுக்காமல் கொன்றுவிட்டாயே என்றாள். தின்னக் கொடுக்காமலா? அந்தப் பேச்சு எத்தனை வருஷம் அறுத்தது. மலையில் கொழுந்து எடுக்கும்போது, கூடை நிறுக்க நிற்கும்போது, தின்னக் கொடுத்தேனே, நான் பட்டினி கிடந்து கொடுத்தேனே, தாடையைப் பிடித்துக் கொடுத்தேனே என்று வாய்க்குள்ளேயே மிஸ்ஸிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தப் பதில்தான் இன்றைக்குத் திரும்பிக் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் டொக்டரம்மா, வேறு பிள்ளைகள் உண்டா, இருந்து தவறியிருந்தாலும் சொல்லுங்கோ என்று கேட்டபோது, இல்லீங்க, இது ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டாள். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. பெற்ற பிள்ளையை இல்லை என்று சொன்ன வாய். மறுபடியும் மிஸ்ஸிபோல எழுந்து கத்துவாளோ, இந்தப் பிள்ளையையும் பிடுங்கிக்கொண்டு போய் எங்கேயாவது வைத்துவிடுவார்களோ என்று பயம். பயம் மட்டும்தானா? மதுஷா என்ற பேரைச் சொல்லியிருந்தால் அந்த டொக்டரம்மா உடனே முடிச்சைப் போட்டிருப்பாள், அக்காவுக்கும் இதுதான் இருந்திருக்கும் அம்மா என்று சொல்லியிருப்பாள். அதைக் காதால் கேட்க முடியாது. அதுதான் விஷயம்.

இந்த நாற்பத்தொரு நாளும் யோகமலர் ஒரு காரியம் செய்துவந்தாள், வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். இவனுக்கு ஊட்டுவாள், இவன் வயிறு ஊதுவதைப் பார்ப்பாள், ராத்திரி முனகுவதைக் கேட்பாள், காலையில் கோடு கிழிப்பாள், முனியாண்டி கோயில் பக்கம் போகும்போது கும்பிடுவாள். கும்பிட்டது என்ன என்று அந்த முனியாண்டிக்குத்தான் தெரியும். இல்லையென்று வரட்டும். குழாய் விட்டுப் பார்த்து, இது அந்த வியாதி இல்லையம்மா, மா ஒன்றும் செய்யவில்லை என்று வரட்டும். அப்படி வந்தால் மதுஷா காய்ச்சலில்தான் போனாள். கார்டில் எழுதினபடியே போனாள். எத்தனை பிள்ளை காய்ச்சலில் போகிறது, தெய்வம் எடுத்துக்கொண்டது, தாய் என்ன செய்வாள். ஆமாம் என்று வந்தால்? இவனுக்கு இருக்கிறது என்று வந்தால் அவளுக்கும் இருந்தது. அவளுக்கு இருந்தது என்றால் அந்த ஒவ்வொரு ரொட்டியும் யார் தட்டியது? இந்தக் கை. மாவு ஒட்டிய இந்தக் கை. ரொட்டிக் கல்லில் சூடுபட்ட தழும்பு இதோ இருக்கிறது, அவளுக்குத் தட்டும்போது பட்டதுதான். ஒருவேளை அவளுக்கு வேறு வியாதியாக இருக்கலாம். ஒரே வயிற்றில் பிறந்தாலும் வேறு வேறு வியாதி வராதா? வரும். வயிறு ஊதினால் எல்லாம் ஒரே வியாதியா? இல்லை. ஆனால் விறகுக்கு அடியில் இருந்த துண்டுகள்? பிள்ளைகள் விளையாட்டுக்கு ஒளிக்கும். சோச்சி கேட்டது? எந்தப் பிள்ளை சோறு கேட்காது. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அந்தத் தாடையில் வந்து நிற்கும். விரல் ரெண்டும் பட்ட இடம். அவள் தாடை எலும்பு விரலுக்கு எப்படி இருந்தது என்பது இன்னும் விரலுக்கு மறக்கவில்லை.

இப்போது கால்வாசி ரொட்டிதான் பாக்கி. நீட்டினாள். டிலுக்ஷன் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ராசா, கொஞ்சூண்டுதான். உதட்டை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டான். இவன் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை, நாற்பத்தொரு நாளும் சொன்னபடி தின்றவன், இன்றைக்கு வலி முன்கூட்டியே வந்துவிட்டதோ என்னவோ, கையால் அவள் கையைத் தட்டிவிட்டான். துண்டு தரையில் விழுந்தது. யோகமலர் அதைப் பார்த்தாள். விட்டுவிடலாம். கால் ரொட்டி குறைந்தால் குடல் ஆறிப் போய்விடுமா என்ன, இத்தனை நாள் கொடுத்தாயிற்று, போதும், யாருக்குத் தெரியப் போகிறது. விட்டுவிட்டு நாளைக்குப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லையம்மா, மறுபடி ஆறு வாரம் கொடுத்துவிட்டு வா என்று சொல்லிவிட்டால்? ஆறு வாரம் இவன் தாங்குவானா? அப்படிக் குறைத்துக் கொடுத்து அது இல்லையென்று வந்துவிட்டால்? இல்லையென்று வரத்தானே நீ கும்பிட்டாய், சனியனே, அதற்காகத்தானே இந்தக் கால் ரொட்டியைக் குறைக்கப் பார்க்கிறாய்? துண்டை எடுத்தாள். ஊதினாள். மதுஷா இப்படித்தான் உதட்டை இறுக்கினாள், அப்போது தெரியாமல் செய்தேன், இப்போது தெரிந்தே செய்கிறேன், எந்தத் தாய்க்கும் இது வேண்டாம். இடது கையால் அவன் தாடையைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தக் கண்ணில். திறடா சாமி, இதோட முடிஞ்சிரும், அம்மா கும்பிடுறேன், திறடா. வாய் திறந்தது. வைத்தாள். அவன் மென்றான், அழுதான், விழுங்கினான். அடுத்தது. அடுத்தது. தட்டில் ஒரு பொருக்குகூட விடவில்லை, விரலால் ஒற்றி அதையும் கொடுத்தாள். கொடுத்து முடித்துத் தட்டைத் தள்ளிவிட்டு, குழாயடிக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று வாய்விட்டு அழுதாள். ஸ்டெல்லாக்கா கதவுவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அழுது ஓய்ந்தபோது அவன் அவள் மடியில் ஏறிப் படுத்திருந்தான். வயிறு ஆரம்பித்துவிட்டது, உள்ளே கடகடவென்று உருளுவது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. எண்ணெய் தொட்டு மெதுவாகத் தடவினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓட வேண்டியிருக்கும், பழைய துணியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவன் முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"நாளைக்கும் ரொட்டியா?"

"நாளைக்கு இல்ல. நாளைக்கு நம்ம கண்டிக்குப் போறோம்."

"அப்புறம்?"

அப்புறம். அப்புறம் என்ன என்பது அந்தக் குழாய் சொல்வதில் இருக்கிறது. இல்லையென்று வந்தால் அப்புறமும் ரொட்டிதான் மகனே, மா ஒன்றும் செய்யவில்லை, தாராளமாகக் கொடுங்கோ என்று சொல்லிவிடுவார்கள், பேர் தெரியாத வேறு ஒரு வியாதியைத் தேடிக்கொண்டு இன்னும் எத்தனை ஆஸ்பத்திரி, இன்னும் எத்தனை பூச்சி மருந்து, அதற்குள் கால் வீங்கும், மழை மாதம் வரும். ஆமாம் என்று வந்தால்தான் அப்புறம் ரொட்டி இல்லை. ஆமாம் என்று வந்தால்தான் இவனுக்குச் சோறு, கிழங்கு, கஞ்சி, இவனுக்குக் கன்னம், இவனுக்குப் பள்ளிக்கூடம். ஒரு வார்த்தைதான், அது இவனுக்கு உயிர், பெற்றவளுக்கு வேறு. இதில் நின்று யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தது, நாற்பத்தொரு நாள் இருந்தது. இப்போது இவன் வயிறு கைக்குள் துடிக்கும்போது இல்லை. நாளைக்கு டொக்டரம்மா கேட்காவிட்டாலும் சொல்லிவிடலாம், எனக்கு ரெண்டு பிள்ளைங்க, மூத்தவ பேரு மதுஷா, அவளுக்கும் இதேதான் என்று சொல்லிவிடலாம், மிஸ்ஸி கத்தியதுபோல எத்தனை பேர் கூடிக் கத்தினாலும் கத்தட்டும். புருஷனுக்கும் தெரியட்டும். முனியாண்டி, முன்னால கும்பிட்டதெல்லாம் விட்டுரு, அது இந்த வாய் சொன்னது இல்ல, பயம் சொன்னது. ஆமான்னே வரட்டும். அதே வியாதியாவே இருக்கட்டும். என் மூத்த பிள்ளைய என் கையால ஊட்டி ஊட்டி நான்தான் கொன்னேன், அப்படியே இருக்கட்டும்.

"அப்புறம்மா?" என்று அவன் மறுபடியும் கேட்டான்.

"அப்புறமும் இல்லடா," என்றாள் யோகமலர். "இனி ஒருநாளும் இல்ல."